பூகர்ப்ப சாஸ்திரி ஜே ஹார்லன் பிரெட்ஸ்

சாஸ்திர உலகில் புதியதோர் உண்மையைக் கண்டோர் பலர். அவ்வுண்மையை உலகம் முதலில் தள்ளிப் பின்னர் ஏற்றுக்கொள்ளுதலைத் தம் கண்ணாலே காணும்வரை உயிர்வாழ்ந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் காத்திருந்தார். காத்திருத்தற்கு வேண்டிய ஆயுளும் அவருக்கு வாய்த்தது. அவர் சரித்திரத்தைக் கூறப்புகுமுன், அவரோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ள ஒரு நிலப்பரப்பைப்பற்றிச் சிறிது சொல்லுதல் அவசியமாகின்றது. அந்நிலத்தை அறியாதார் அம்மனிதரையும் அறியார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியில் வாஷிங்டன் என்னும் மாகாணம் உளது. அந்நாட்டின் தலைநகராகிய வாஷிங்டன் வேறு. அது கீழ்க்கடலை அடுத்தது. இரண்டும் இக்கட்டுரையில் வருமாதலின் மாணாக்கர் மயங்காதிருப்பாராக. அம்மாகாணத்தின் கீழ்ப்பகுதி கொலம்பியாப் பீடபூமி எனப்படும். ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்குமுன் தொடங்கி, அங்கே பூமி நெடுகப் பிளந்து, உருகிய பாறைக் குழம்பு அப்பிளவுகளின் வழியே பொங்கியெழுந்து பரந்து உறைந்தது. ஒன்று உறைந்தபின் அதன்மேல் மற்றொன்று பரந்தது. இவ்வாறு அடுக்கடுக்காய்ப் படிந்த பஸால்ட் என்னும் கரும்பாறை சிற்சில இடங்களில் 10,000 அடிக்கு மேற்பட்ட தடிப்புடையது. நம் தக்காணத்தின் வடமேற்குப் பகுதியில் மேற்கு மலைகள் படிக்கட்டுப்போற் காட்சியளிப்பதைக் கண்டோர் அப்பாறையின் இயல்பை ஒருவாறு ஊகிக்கலாம்; நம்முடையது அதனினும் மிகப் பழமையானது. பாறை ஆறுங்காலத்துச் சுருங்கி வெடித்து, செங்குத்தான தூண்களாகப் பிரிந்து நிற்கும். இத்தூண்களைப் பின்னர் மறவாதிருத்தல் வேண்டும்.

அதற்கு நெடுங்காலம் பிற்பட்டு, வடக்கே கானடாவினின்று பனிக்கட்டிப் படலங்கள் பல்லாயிரம் அடி தடிப்போடு தெற்கு நோக்கி நகர்ந்துவந்தன. அவை பீடபூமியின் வடவெல்லையை முட்டி நின்றன. வடமேற்கு மூலையில் அதன்மீது ஏறியும் படர்ந்தன. பனிக்கட்டியின் உராய்வால் அரைந்த நுண்ணிய புழுதியைக் காற்று வாரிக்கொணர்ந்து பாறைமீது தூவியதனால், மெத்தென்ற மண்மேடுகள் உண்டாயின. இக்காலத்தில் அம்மேடுகளில் கோதுமை செழித்து விளைகின்றது. ஆயினும் அம்மண்போர்வை முழுவதும் இல்லை. பசிய வயல்களினூடே நடந்துசெல்வோர் திடீரென ஒரு விளிம்பை அடைவர். அதற்கப்பால் மண் இல்லை, மரம் இல்லை. தோலுரித்த உடலைப்போல் கரும்பாறை வெட்டவெளியிற் கிடக்கும். நீரில்லா அருவிகள், ஆறில்லாப் பள்ளத்தாக்குகள், பாறையிற் குடைந்த பெருங்குழிகள் ஆகியன எங்கும் காணப்படும். உழவுக்குதவாத இந்நிலத்தை அவ்வூர்க் குடியானவர், புண்ணின்மேற் படிந்த பொருக்குக்கு ஒப்பிட்டுப் பொருக்கு நிலம் எனப் பெயரிட்டழைத்தனர். அப்பெயரையே பிரெட்ஸ் சாஸ்திரத்திலும் நிலைநாட்டினார்.

பிரெட்ஸ் 1882-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 2-ந் தேதி மிச்சிகன் மாகாணத்தில் ஸாரனாக் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹார்லி. பின்னர் அவர் தம் பெயரை ஹார்லன் என மாற்றி, அதன்முன் ஜே என்னும் எழுத்தையும் தாமே சேர்த்துக்கொண்டார். அவ்வெழுத்து எந்தப் பெயரின் சுருக்கமும் அன்று. ஆதலின் அதன்பின் புள்ளி இடலாகாதென்பது அவர் கட்டளை. அச்சுக்கோப்போர் தம் வழக்கம்போற் புள்ளியிட, அவர் சினங்கொள்வாராம். நம் அச்சுக்கூடத்தாரும் இதனைக் கவனிப்பாராக.

மெதடிஸ்டு சபையார் நிறுவிய ஆல்பியன் கலாசாலையில் ஜீவ சாஸ்திரம் பயின்று 1905-ல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷம் பானி சாலிஸ் என்னும் அம்மையாரை மணந்தார். முதலில் பிளின்ட் என்னும் ஊரிலும், பின்பு மேலைக் கடற்கரையிலுள்ள ஸியாட்டில் நகரத்திலும் உயர்தரப் பாடசாலை உபாத்தியாயராய் அமர்ந்தார். அப்பொழுது அவர் பூகர்ப்ப சாஸ்திரத்தில் தேர்ச்சி பெற்றவரல்லர். ஆயினும் ஸியாட்டிலைச் சூழ்ந்த கடற்கழியின் கரைகளில் பழைய பனிக்கட்டிகள் விட்டுச்சென்ற மண்ணும் பரலும் அவர் கருத்தைக் கவர்ந்தன. விடுமுறை நாட்களிலெல்லாம் அவற்றையே நடந்து நடந்து ஆராய்ந்தார். பிறர் பொழுதுபோக்காய்க் கொள்வதொன்று இவருக்கு வாழ்க்கைத் தொழிலாயிற்று. சிக்காகோ சர்வகலாசாலையிற் சேர்ந்து, அவ்வாராய்ச்சியைக் கொண்டே 1913-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஸியாட்டிலிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையிற் சிறிதுகாலம் போதித்தபின், 1914-ல் சிக்காகோவுக்கே திரும்பி, 1947-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆசிரியராய் விளங்கினார்.

அவர் ஸியாட்டிலிலிருந்த காலத்தில், அரசாங்கத்தார் வெளியிட்ட குவின்ஸி வட்டாரத்து நிலப்படம் ஒன்றைக் காண நேர்ந்தது. அதில் ஓர் அருவியின் உருவம் தெளிவாய் வரையப்பட்டிருந்தது. உயர்ந்த விளிம்பும் அடியில் ஆழ்ந்த குழிகளும் இருந்தன. அவ்வருவிக்கு நீர் கொணரும் ஆறுமட்டும் இல்லை. ஆறின்றி அருவி உண்டாவதெங்ஙனம்? படத்தைக் கண்டோர் பலரிருக்க, இவ்வினாவை விடாது உள்ளத்தில் வைத்திருந்தவர் பிரெட்ஸ் ஒருவரே.

1922-ம் வருஷத்துக் கோடையில் மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு அவர் அப்பீடபூமிக்குச் சென்றார். அதன்பின் ஆண்டுதோறும் கோடைகளில் அதுவே அவர் வகுப்பறையாயிற்று. சில கோடைகளில் மனைவி மக்களும் உடன் சென்றனர். அக்காலத்தில் அந்நிலத்தின் பெரும்பகுதிக்கு உயரம் குறித்த படங்கள் இல்லை. ஆகாயத்தினின்று எடுத்த படங்களோ இல்லவே இல்லை. கால்களே கருவி. கோடையில் அங்கே நிழல் என்பது அரிது. முழங்காலளவு வளரும் நரைத்த நிறப் புதரைத் தவிர வேறு செடியில்லை. கரும்பாறை வெயிலை உண்டு அனலாய்க் கக்கும். இடிந்து விழுந்த தூண்கற்கள் அடிவைத்தால் உருளும்; அவற்றினிடையே சலங்கை வாற்பாம்புகள் சுருண்டிருக்கும். காற்றைத் தடுப்பார் எவருமில்லை. ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினால் மறுகரை ஏறுதற்கு வழிகாணாது மைல் கணக்காய் நடக்கவேண்டும். ஆயினும் எங்கும் பாறை திறந்து கிடத்தலின், பார்க்கத் தெரிந்தவனுக்கு அந்நிலம் எதையும் மறைப்பதில்லை.

அங்ஙனம் நடந்து அவர்கள் கண்டவை யாவை? கிராண்ட் கூலீ என்னும் பெரும் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 50 மைல் நீளமுடையது. கூலீ என்பது அந்நாட்டார் வறண்ட பள்ளத்தாக்குக்கு வழங்கும் பெயர். நம் கூலிக்கும் அதற்கும் உறவில்லை. அதன் நடுவே உலர் அருவி எனப்படும் செங்குத்துப் பாறை 3½ மைல் அகலமும் 400 அடி உயரமும் உடையது. நயாகரா அருவியை அதன் ஒரு மூலையில் வைத்துவிடலாம். இஃதன்றி, மண்மேடுகள் சிலவிடங்களிற் கப்பல்போன்ற வடிவோடு பாறை நடுவே தீவுகளாய் நின்றன. அவற்றின் முனைகள் யாவும் நீர்வந்த திசையை நோக்கியே கூர்மையாக இருந்தன. நூறடிக்கு மேற்பட்ட உயரமுள்ள பரற்கல் மேடுகள், ஆற்றின் நடுவே நீரடியில் உருவாகும் திட்டுக்களைப்போன்றே அமைந்திருந்தன. கரும்பாறையன்றி வேறு கல் விளையாத அந்நிலத்தில், தொலைவிலுள்ள மலைகளுக்குரிய வெண்மைக் கருங்கற்பாறைகள் உயர்ந்த சரிவுகளில் தனித்தனியே கிடந்தன. மிதக்கும் பனிக்கட்டிகளே அவற்றைச் சுமந்துவந்திருத்தல் வேண்டும்.

இவற்றுள் எல்லாம் வலியதென யான் கருதும் சான்று குவின்ஸிப் பள்ளத்தைப்பற்றியது. ஒரு குளம் நிரம்பி வழியுமானால், கரையில் எவ்விடம் தாழ்ந்துளதோ அவ்விடத்தே முதலில் வழியும். வழிந்து அறுக்க அறுக்க அவ்விடம் மேலும் தாழ்ந்து, நீர் முழுவதும் அவ்வொரு வாயிலாகவே செல்லும். ஏரிக்கரையை அறிந்த நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குவின்ஸிப் பள்ளத்திலோ மேற்குக் கரையில் மூன்று அருவிகளும் தெற்கே ஒரு பரந்த வாய்க்கால் வலையும் உள்ளன. மேற்கிலுள்ள மூன்றின் விளிம்பும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஆதலின் அவையனைத்தும் ஒரே காலத்தில் வழிந்திருத்தல் வேண்டும். ஒரு வாயில் அறுபட்டுத் தாழ்வதற்குள் பள்ளம் முழுவதும் நிரம்பித் திசைதோறும் வழியவேண்டுமாயின், வந்த நீர் எத்துணைப் பெரிது, எத்துணை விரைவானது! படத்திற் கண்ட ஆறில்லா அருவிக்கு விடை இதுவே.

1923-ல் பிரெட்ஸ் தம் முடிபை வெளியிட்டார். அப்பள்ளத்தாக்குகளெல்லாம் ஆறுகள் பன்னெடுங்காலம் மெல்ல மெல்ல அறுத்தவையல்ல. கணக்கிடவொண்ணாப் பெருவெள்ளம் ஒன்று சிலநாட்களே ஓடி, மண்ணை வாரி, செங்குத்துத் தூண்களைப் பிடுங்கியெறிந்து, அந்நிலத்தை அவ்வாறு ஆக்கிற்று என்பதே அம்முடிபு. அவ்வெள்ளத்துக்கு ஸ்போகேன் வெள்ளம் எனப் பெயரிட்டார். இதனைக் கேட்ட அறிஞருலகம் திடுக்கிட்டது.

திடுக்கிட்டமைக்குக் காரணம் இல்லாமலில்லை. முற்காலத்தில் பூமியின் மலை மடுவெல்லாம் நோவா காலத்துப் பிரளயம் முதலிய பேரழிவுகளால் உண்டாயினவென்று கூறிவந்தனர். ஹட்டன், லையல் முதலிய பேரறிஞர் அம்முறையை மாற்றி, இன்று நம் கண்முன் நிகழும் மழையும் ஆறும் காற்றும் நெடுங்காலம் தொழில்புரியின் மலையையும் தேய்க்குமென்று நாட்டினர். அக்கொள்கையின்மேல் நின்றே பூகர்ப்ப சாஸ்திரம் ஒரு சாஸ்திரமாயிற்று. இப்பொழுது ஒருவர் எழுந்து, திடீர் வெள்ளம் என்று மீண்டும் சொல்லின், அரிதிற் பெற்றதைக் கைவிடுதலாக மற்றவர்க்குத் தோன்றுமன்றோ? பிரெட்ஸோ வேதாகமத்தை ஆதாரமாய்க் காட்டினாரல்லர். பாறையையும் பரலையுமே காட்டினார். ஆயினும் வெள்ளம் என்னும் சொல்லே பகையாயிற்று.

1927-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி, தலைநகராகிய வாஷிங்டனில் பூகர்ப்ப சாஸ்திரிகள் சபையொன்றில் தம் கொள்கையை எடுத்துரைக்க அவர் அழைக்கப்பட்டார். அழைப்பு கௌரவம்போற் காணப்பட்டது, நிகழ்ந்ததோ விசாரணை. அவர் பேசி முடித்ததும், அரசாங்க நிலஆராய்ச்சிப் பகுதியைச் சேர்ந்த முதியவரும் இளைஞரும் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து மறுத்தனர். ஆல்டன், மெயின்ஸர், கில்லுலி முதலிய பெயர் பெற்றோர் அவர்களுள் இருந்தனர். சிறு வெள்ளங்கள் பலவாயிருக்கலாம் என்றார் சிலர். பனிக்கட்டி உருகிய சாதாரண ஆறுகளே போதும் என்றார் சிலர். மறுத்தோருட் பெரும்பாலார் அந்நிலத்தை நேரிற் கண்டவரல்லர். பிரெட்ஸ் அதற்குள் ஐந்து கோடைகள் அதில் நடந்திருந்தார்.

எனினும் அவர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று நியாயமானது. அதனை மறைத்தல் முறையன்று. அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? பனிக்கட்டி இயல்பாய் உருகுதலால் அத்துணை நீர் ஒருங்கே வாராது. பிரெட்ஸ் திடீர் வெப்பத்தையும் பனிக்கட்டிக்கு அடியில் எரிமலை வெடித்திருத்தலையும் எண்ணிப்பார்த்தார்; இரண்டுக்கும் சான்று கிட்டவில்லை. காரணம் தெரியாவிடினும் காரியம் பொய்யாகாது என்பதே அவர் நிலை. நிலத்திலுள்ள அடையாளங்களைக்கொண்டு வாதிடவேண்டுமேயன்றி, முன்னமே கொண்ட கொள்கையைக்கொண்டு வாதிடலாகாதென்று அவர் வற்புறுத்தினார். நியாயமான கேள்விக்கு விடைதெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அதன்பொருட்டுத் தம் கண்டுபிடிப்பைக் கைவிடாமலும் இருத்தல் எளிய காரியமன்று.

வியப்பு யாதெனில், அக்கேள்விக்கு விடையறிந்தவர் அச்சபையிலேயே அமர்ந்திருந்தார். ஜோஸப் பார்டீ என்பவர் 1910-லேயே, பீடபூமிக்குக் கிழக்கே மான்டானா மாகாணத்து மலைகளிடையே மிஸ்ஸூலா என்னும் ஏரி பனிக்காலத்தில் இருந்ததென்று நிறுவியவர். பனிக்கட்டியின் ஒரு கிளை கிளார்க் போர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைத்து அணையாய் நின்றமையால் அவ்வேரி உண்டாயிற்று. அணையருகே ஆழம் ஏறக்குறைய 2,000 அடி. கொள்ளளவு 500 கன மைல். மிஸ்ஸூலா நகரத்துக்கு மேலுள்ள மலைச்சரிவுகளில் அதன் பழைய கரைகள் கோடு கோடாய் இன்றும் காணப்படுகின்றன. அவ்வணை உடைந்தால் நீர் எங்கே பாயும் என்பதைப் பார்டீ உணர்ந்திருந்தார்போலும்! ஆயினும் அன்று அவர் சபையில் எழுந்து பேசவில்லை. அவரை மறுத்தோருட் சிலர் அவர்தம் மேலதிகாரிகள்.

பிரெட்ஸ் சிக்காகோவுக்குத் திரும்பினார், தளர்ந்தாரல்லர். மறுப்புரை ஒவ்வொன்றுக்கும் புதிய சான்றுகளோடு விடையெழுதினார். 1930-ல் மிஸ்ஸூலா ஏரியே வெள்ளத்தின் பிறப்பிடமெனத் தாமும் துணிந்து கூறினார். 1932-ல் கிராண்ட் கூலீயைப்பற்றித் தனி நூல் வெளியிட்டார். எனினும் பாடநூல்கள் அவரைப் புறக்கணித்தன. 1938-ல் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்டு பிளின்ட் என்பவர் சாதாரண ஆறுகளே எல்லாம் செய்தனவென்று மீண்டும் எழுத, பலரும் அதனையே நம்பினர். இதற்கிடையில் பிரெட்ஸ் 1933-ல் லூயிஸ் பாய்டு அம்மையாரின் யாத்திரையிற் சேர்ந்து கிரீன்லாந்தின் கீழ்க்கரைக்குச் சென்றார். பின்பு சுண்ணாம்புப் பாறைக் குகைகளை ஆராயப் புகுந்து, நிலத்தடி நீர் அவற்றைக் குடையும் முறைபற்றி 1942-ல் எழுதியது அத்துறையிற் பேர்பெற்றது. வாதத்திலே கசந்துபோகாமல் வேறொரு துறையில் இவ்வளவு உழைத்தது அவர் இயல்பைக் காட்டும்.

1940-ல் ஸியாட்டிலிற் கூடிய சபையில், பார்டீ முடிவில் வாய் திறந்தார். மிஸ்ஸூலா ஏரியின் தரையிலே காமஸ் பிரெய்ரி என்னும் சமவெளியில் மணல்வரிகளைப்போன்ற மேடுகளை அவர் கண்டிருந்தார். ஓடைமணலில் நீர் செய்யும் அலைவரிகளை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அவை விரல் உயரம் இரா. பார்டீ கண்டவையோ பரற்கல்லாலானவை. 20, 30 அடி உயரமும், ஒன்றிலிருந்து மற்றொன்று நூற்றுக்கணக்கான அடி தூரமும் உடையவை. தரையில் நிற்பவனுக்கு வெறும் குன்றுகளாகத் தோன்றும். மெல்ல வடிந்த ஏரி அவற்றை உண்டாக்கியிருத்தல் இயலாது. 1942-ல் வெளியிட்ட கட்டுரையில் பார்டீ பொருக்கு நிலத்தைப்பற்றி அதிகம் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லாமற்போயிற்று.

1952-ல், 70 வயது நிரம்பும் தறுவாயில், ஓய்வு பெற்றிருந்த பிரெட்ஸ் மீண்டும் அப்பீடபூமிக்குச் சென்றார். கிராண்ட் கூலீ அணையிலிருந்து நீர்ப்பாய்ச்சுதற்காக அரசாங்கத்தார் அங்கே வாய்க்கால்கள் வெட்டியும், உயரம் குறித்த படங்களும் ஆகாயப்படங்களும் எடுத்துமிருந்தனர். ஸ்மித், நெப் என்னும் இருவரோடு அவர் அவற்றை ஆராய்ந்தபோது, தாம் முப்பது ஆண்டுகளுக்குமுன் ஏறியிறங்கிய பரற்கல் மேடுகளின் முதுகிலேயே அப்பேரலை வரிகள் ஆகாயப்படத்தில் தெளிவாய்க் காணப்பட்டன. காலால் நடந்தபோது புதர் மறைத்திருந்ததை வானூர்தி காட்டிற்று. 1956-ல் வெளிவந்த அக்கட்டுரையில், வெள்ளம் ஒன்றன்று, பலவென்று தம் பழைய கொள்கையைத் தாமே திருத்தியமைத்தார்.

1965-ல் பல நாட்டுப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கூடி, மிஸ்ஸூலா ஏரி தொடங்கிப் பீடபூமி முழுவதையும் நேரிற் சுற்றிப்பார்த்தனர். பிரெட்ஸ் 82 வயதினராதலின் உடன் செல்லவில்லை. யாத்திரையின் முடிவில் அவர்கள் அவருக்கு வாழ்த்துத் தந்தியொன்று அனுப்பி, தாங்கள் அனைவரும் அவர் கட்சியிற் சேர்ந்துவிட்டதைத் தெரிவித்தனர். 1979-ல் அமெரிக்கப் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தார் தம் தலையாய விருதாகிய பென்ரோஸ் பதக்கத்தை அவருக்கு அளித்தனர். அப்பொழுது அவருக்கு ஏறக்குறைய 97 வயது. எதிர்த்தோரெல்லாரும் இறந்துபோனமையால், வென்றதைச் சொல்லிக் களிப்பதற்கு ஒருவரும் எஞ்சவில்லையே என்று தம் மகனிடம் வேடிக்கையாய்க் குறைபட்டுக்கொண்டாரென்பர். 1981-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ந் தேதி, சிக்காகோவை அடுத்த ஹோம்வுட் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார்.

அவருக்குப்பின் வந்தோர் அவர் கூறியவற்றுட் சிலவற்றை மாற்றியுமிருக்கின்றனர். பனிக்கட்டி அணை ஒருமுறையன்று, பலபத்து முறை உடைந்து மீண்டும் அடைபட்டதென்றும், இவை 20,000 ஆண்டுகளுக்கும் 14,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தனவென்றும் படிந்த வண்டல் அடுக்குகளை எண்ணிக் கண்டனர். பெரிய வெள்ளங்களில் நீரோட்டம் இன்று உலகத்திலுள்ள ஆறுகளனைத்தின் ஓட்டத்தைக் கூட்டியதைப்போற் பத்து மடங்கு இருந்ததாகக் கணக்கிடுகின்றனர். 1972-ல் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிய மாரினர் 9 என்னும் கலம் அனுப்பிய படங்களிற் பெருங்கால்வாய்களைக் கண்ட அறிஞர், அவற்றுக்கு ஒப்பானதைத் தேடி இப்பொருக்கு நிலத்துக்கே வந்தனர். 2009-ல் அமெரிக்க அரசாங்கத்தார் மிஸ்ஸூலா முதல் மேலைக் கடல்வரை அவ்வெள்ளம் சென்ற வழியைத் தேசியப் பூகர்ப்பப் பாதையெனச் சட்டத்தால் அறிவித்தனர். அவ்வழியிற் செல்வோர் உலர் அருவியின் விளிம்பில் நின்று பார்க்கின்றனர். 400 அடிக்குக் கீழே, வெள்ளம் குடைந்த குழிகளில் நீர் அசைவற்றுத் தேங்கியிருக்கின்றது. சுற்றிலும் கரும்பாறையும் காற்றுமேயன்றி வேறொன்றும் இல்லை.